காரைக்குடியிலிருந்து பேடில் போர்டுக்கு எங்கே போகலாம்? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"நம்ம ஊர்ல இதை எங்க போட்டு ஓட்டுறது?" பேடில் போர்டு வாங்கியவர்களும் வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. செட்டிநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. தேனாறும் மணிமுத்தாறும் மழைக்கு மட்டும் ஓடுபவை. ஏரி என்று நாம் சொல்வதெல்லாம் கண்மாய்தான். ஆனால் ஒன்றரை மணி நேரத்துக்குள் கடல் இருக்கிறது, அதுவும் தமிழ்நாட்டுக் கரைகளிலேயே அலை குறைந்த பாக் நீரிணைக் கடல். எனவே இடத்துக்குப் பஞ்சமில்லை. எந்த மாதம், எந்தக் கரை, எத்தனை மணிக்கு என்று தெரிந்து தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பேடில் போர்டு என்றால் பத்துப் பதினோரு அடி நீளமுள்ள அகலமான பலகை. அதன் மேல் நின்றுகொண்டு நீளமான ஒற்றைத் துடுப்பால் தள்ளிப் போக வேண்டும். சர்ஃபிங்குக்கு அலை வேண்டும். இதற்கு அலை இல்லாத தண்ணீர்தான் நல்லது. நீச்சல் தெரிந்த எவரும் ஒரு காலை நேரத்தில் நிற்கப் பழகிவிடலாம். நீச்சல் தெரியாதவர்கள் முதலில் அதைக் கற்றுக்கொண்டு வாருங்கள். லைஃப் ஜாக்கெட் இருக்கிறதே என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

முதலில் ஊருணியை விட்டுவிடுங்கள்

வீட்டுக்கு எதிரே கல்படிகளோடு நிறைந்து கிடக்கும் ஊருணியைப் பார்த்தால் பலகையை இறக்கத் தோன்றும். இறக்காதீர்கள். செட்டிநாட்டு ஊருணிகள் பெரும்பாலும் குடிநீருக்காக வெட்டப்பட்டவை. கால் கழுவக்கூட உள்ளே இறங்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இன்னும் பல ஊர்களில் உயிரோடு இருக்கிறது. மழைநீர் மட்டுமே வரத்தாக உள்ள ஊரில் அந்தக் கட்டுப்பாட்டுக்கு எவ்வளவு மதிப்பு என்று இங்கே பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குளிக்க அனுமதி உள்ள குளமானாலும், காலை ஆறு மணிக்குப் பெண்கள் குளிக்கும் படித்துறைப் பக்கம் பலகையோடு போய் நிற்பது சரியில்லை.

கண்மாய் கொஞ்சம் வேறு விஷயம். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்தால் டிசம்பர், ஜனவரியில் பெரிய கண்மாய்கள் கடல் மாதிரி விரிந்து கிடக்கும். அங்கே ஓட்டுபவர்கள் உண்டு. ஆனால் முதல் இடமாக நான் அதைச் சொல்ல மாட்டேன். தண்ணீருக்கு அடியில் சீமைக் கருவேல முள் இருக்கும். காற்றடைத்த பலகையில் முள் ஏறினால் நடுக் கண்மாயில் மாட்டிக்கொள்வீர்கள். தாமரைக் கொடியும் பாசியும் பலகைக்கு அடியில் உள்ள ஃபின் என்னும் சிறு தகட்டில் சுற்றிக்கொண்டால் பலகை சட்டென்று நிற்கும், நீங்கள் முன்னால் போய் விழுவீர்கள். விழுந்த இடத்தில் முழங்கால் வரை சேறு. அப்புறம் மடையும், மிகுநீர் வழியும் கலுங்கும். மடை திறந்திருக்கும்போது அதன் அருகே தண்ணீர் உள்நோக்கி இழுக்கும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கலுங்கு வழிந்து ஓடும் நாளில் அந்தப் பக்கமே போகக் கூடாது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் கண்மாயில்தான் ஓட்ட வேண்டும் என்றால், முதலில் அது யார் பொறுப்பில் இருக்கிறது என்று விசாரியுங்கள். பொதுவாக நாற்பது ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். அதோடு முடியாது. மீன் குத்தகை எடுத்தவர் ஒருவர் இருப்பார், அவர் வலையும் மீன்குஞ்சும் உள்ளே இருக்கும். ஊர்ப் பெரியவர்கள் சரி என்று சொல்ல வேண்டும். இந்த மூன்று பேரில் ஒருவர் முகம் சுளித்தாலும் திரும்பி வந்துவிடுவதுதான் மரியாதை.

ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் கேட்கவே போக வேண்டாம். திருப்பத்தூர் அருகே உள்ள வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். 1977-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே வந்து கூடு கட்டும் பறவைகள் மிரளக் கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. குழந்தைகளுக்கு மத்தாப்பைக்கூட மறுத்துக் காக்கும் தண்ணீரில் நாம் துடுப்புப் போட எந்த நியாயமும் இல்லை. கரையில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள், அதற்கே போகலாம்.

இடத்தைவிட முதலில் காற்று

கடலுக்கு வருவோம். புதிதாக வருபவர்கள் இடத்தைப் படத்தில் பார்த்து முடிவு செய்கிறார்கள். தண்ணீர் பச்சையாக இருக்கிறதா, மணல் வெள்ளையாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நான் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்பது வேறு: இங்கே துடுப்பு கைநழுவிப் போனால் காற்று என்னை எங்கே கொண்டுபோய் விடும்? கரைக்கா, நடுக்கடலுக்கா?

பலகையில் நிற்கும் ஆள் ஒரு பாய்மரம்தான். கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் உட்கார்ந்திருப்பவரைவிட உங்கள் மேல் பல மடங்கு காற்று பிடிக்கும். மணிக்கு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வரை வீசும் காற்றில் புதியவர்கள் சமாளிக்கலாம். கடலில் அங்கங்கே வெள்ளை நுரை தெரிய ஆரம்பித்தால் அதைத் தாண்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள், அன்றைக்கு இறங்க வேண்டாம். பதினெட்டு கிலோமீட்டரைத் தொட்டால் பழகியவர்களுக்கே எதிர்க்காற்றில் திரும்புவது பெரும்பாடு.

வேகத்தைவிடத் திசை முக்கியம். காற்று கடலிலிருந்து கரைக்கு வீசினால் சின்னச் சின்ன அலை எழும்பும், நிற்பது கொஞ்சம் சிரமம், ஆனால் விழுந்தால் கரைக்கே வந்து சேர்வீர்கள். கரையிலிருந்து கடலுக்கு வீசினால் நிலமும் மரங்களும் காற்றை மறைப்பதால் கரையோரம் கண்ணாடி மாதிரி கிடக்கும். புதியவர்கள் அதைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். நூறு மீட்டர் உள்ளே போனதும் மறைப்பு விலகிவிடும், காற்று முதுகில் பிடித்துத் தள்ளும், சுகமாகப் போவது போலவே இருக்கும். திரும்பிப் பார்க்கும்போதுதான் கரை எவ்வளவு தூரம் போய்விட்டது என்று தெரியும். சலனமே இல்லாத கரையைக் கண்டால் இதனால்தான் இரண்டு முறை யோசிக்கச் சொல்கிறேன்.

கரையில் நின்றே இதைக் கண்டுபிடிக்கலாம். நங்கூரம் போட்ட நாட்டுப் படகுகளைப் பாருங்கள். நீரோட்டம் பெரிதாக இல்லாத இடத்தில் படகின் மூக்கு காற்று வரும் திசையைப் பார்த்து நிற்கும். மூக்குகள் எல்லாம் கரையைப் பார்த்திருந்தால் காற்று நிலத்திலிருந்து போகிறது. படகுக் கொடி, பனையோலை, கையில் அள்ளிவிடும் உலர்ந்த மணல், எதுவானாலும் சரி. செல்போனில் விண்டி போன்ற செயலியிலும் முந்தின இரவே பார்த்துக்கொள்ளுங்கள். அதில் மேற்கு என்று போட்டிருந்தால் மேற்கிலிருந்து வீசுகிறது என்று அர்த்தம், மேற்கு நோக்கி அல்ல. கடலின் நிலையைப் பற்றி ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனமும் தினமும் முன்னறிவிப்பு தருகிறது.

இதெல்லாம் பார்த்த பிறகும் கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். "அண்ணே, இன்னைக்குக் காத்து எத்தன மணிக்கு ஏறும்?" வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று ஒவ்வொரு காற்றையும் பெயர் சொல்லி அறிந்தவர்கள் அவர்கள். "ஒன்பதுக்கு மேல நிக்காதீங்க" என்று ஒருவர் சொன்னால் எட்டரைக்கே கரையேறிவிடுங்கள்.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பது

தொண்டி, எஸ்.பி. பட்டினம் பக்கமுள்ள கரை கிழக்கும் தென்கிழக்குமாகக் கடலைப் பார்த்து நிற்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது காற்றும் அலையும் நேராகக் கரைக்கு வரும், தண்ணீர் கலங்கிக் கிடக்கும், புயல் எச்சரிக்கையும் வரும். அந்த மூன்று மாதம் இந்தக் கரை வேண்டாம். ஜனவரியிலிருந்து வாடை மெல்லத் தணியும். பிப்ரவரி, மார்ச் மாதக் காலைகள்தான் செட்டிநாட்டிலிருந்து போகிறவர்களுக்கு வாய்த்த பருவம். வெயிலும் இன்னும் உச்சத்துக்கு ஏறியிருக்காது.

ஏப்ரல் நடுவில் வேறு ஒரு வசதி சேர்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், கடலில் போக்குவரத்து குறையும். நாட்டுப் படகுகள் போய்க்கொண்டுதான் இருக்கும், அதை மறக்க வேண்டாம். ஆனால் ஏப்ரல் போகப் போகத் தெற்குக் காற்று வலுக்கும், வெயில் எட்டு மணிக்கே சுடும். விடிந்ததும் இறங்கி இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடுபவர்களுக்கு மட்டும் சரிப்படும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் நான் மேலே சொன்ன ஏமாற்று நடக்கும் காலம். தென்மேற்குக் காற்று இந்தக் கரைக்கு நிலத்துப் பக்கமிருந்து அல்லது கரையை ஒட்டி வீசும். பாக் நீரிணைக் கரை அமைதியாகத் தெரியும், அந்த அமைதியை நம்பிப் போனால் காற்று வெளியே கொண்டுபோகும். வெளியே என்றால் சாதாரண வெளி அல்ல. இலங்கைக் கடல் எல்லை இந்தப் பக்கம் மிக அருகில் இருக்கிறது. மீனவர்கள் படும் பாடு எல்லோருக்கும் தெரியும்.

எந்த மாதமானாலும் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை. விடியலில் நிலத்துக் காற்று லேசாகக் கடலை நோக்கிப் போகும், பிறகு சிறிது நேரம் ஓய்ந்து, வெயில் ஏறியதும் கடற்காற்று தொடங்கும். அந்த ஓய்ந்த இடைவேளைக்காகத்தான் காரைக்குடியிலிருந்து நாலு மணிக்கே கிளம்பச் சொல்கிறேன்.

சரி, எங்கே போகலாம்?

முதல் முறை என்றால் மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் போய்ப் பயிற்சியாளரோடு இறங்குங்கள் என்பேன். தொண்டி அருகில்தான், ஆனால் அங்கே போய்த் தனியாகப் பழகுவதைவிட கூடுதலாகப் பயணம் செய்து சொல்லித் தருபவரோடு நிற்பது மேல். காற்றுப்பாய் சர்ஃபிங்குக்காக (கைட் சர்ஃபிங்) ராமேஸ்வரம் தீவுக்கு வெளியூர்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், அதனால் பலகையும் பயிற்சியும் கிடைக்கும். காற்றுப்பாய்க்கு நல்ல இடம் என்றாலே காற்று அதிகம் என்றுதானே அர்த்தம் என்று கேட்கலாம். ஆமாம். அதனால்தான் அங்கே பேடில் போர்டு விடியற்காலை விளையாட்டு.

தீவுக்கும் மண்டபத்துக்கும் இரண்டு கரைகள் உண்டு. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வாடை வீசும் மாதங்களில் தெற்குக் கரை சமமாகவும் தெற்குக் காற்று மாதங்களில் வடக்குக் கரை சமமாகவும் இருக்கும். இரண்டும் காற்று வெளியே தள்ளும் கரைகள்தான். பயிற்சியாளர் கூட இருந்தால், மீட்புக்கு ஒரு படகு தயாராக இருந்தால், இடுப்பளவுத் தண்ணீரை விட்டுப் போகாமல் இருந்தால் அந்தச் சமமான கரையில் பழகலாம். தனியாகவோ நண்பர்களோடு மட்டுமோ போகும் நாளில், காற்று ஓய்ந்த வேளையில், கரையை நோக்கி வீசும் பக்கத்தில் இறங்குங்கள்.

ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில் சவுக்குத் தோப்போடு இருக்கும் அரியமான் கடற்கரை பாக் நீரிணைப் பக்கத்தது. ஆழம் மெதுவாகத்தான் கூடும், கார் நிறுத்த இடம் உண்டு. குடும்பத்தோடு போக இதுதான் வசதி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூட்டமும் மோட்டார் படகும் சேர்ந்துகொள்ளும், வார நாளாகப் பார்த்துப் போங்கள்.

தனுஷ்கோடி வேண்டாம். அரிச்சல்முனையில் இரு கடலும் சேரும் படம் அழகாக இருக்கும்தான், ஆனால் அங்கே நீரோட்டம் கடுமை, குளிப்பதே ஆபத்து. பாம்பன் பாலத்துக்கு அடியிலும் அப்படித்தான். குறுகலான வாய்க்கால் வழியே இரு கடல் நீரும் மாறி மாறி ஓடும், அடியில் பாறை. மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, அவற்றில் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. கரையிலிருந்து பார்த்தால் எட்டிப் போய்விடலாம் போல ஒரு தீவு தெரியும். போகாதீர்கள்.

காரைக்குடியிலிருந்து ராமேஸ்வரத்துக்கு மானாமதுரை வழியாக ரயில் இருக்கிறது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு நேராகத் தீவுக்கே போய் இறங்கலாம். காற்றடைக்கும் பலகையைச் சுருட்டிப் பையில் போட்டால் பத்துப் பன்னிரண்டு கிலோதான் வரும், இருக்கைக்கு அடியில் வைக்கலாம்.

காரங்காடு எனக்கு மிகவும் பிடித்த இடம். தொண்டிக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே, அலையாத்திக் காடு சூழ்ந்த மீனவர் ஊர். வனத்துறை ஊர் மக்களோடு சேர்ந்து படகுச் சவாரியும் கயாக்கும் நடத்துகிறது. சொந்தப் பலகையோடு நேராகப் போய் இறங்கிவிடாதீர்கள். முதல் முறை அவர்களுடைய கயாக்கில் போய் வாய்க்கால்களைப் பாருங்கள், பிறகு பலகைக்கு அனுமதி உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் கயாக்கே போதும், அந்தக் காட்டைப் பார்ப்பதற்கு நிற்கத்தான் வேண்டும் என்றில்லை. மரங்கள் காற்றை மறைப்பதால் தண்ணீர் அடங்கிக் கிடக்கும். ஆனால் வேர்களில் ஒட்டியிருக்கும் சிப்பி பிளேடு மாதிரி வெட்டும், காலணி இல்லாமல் இறங்கக் கூடாது.

தொண்டி, மீமிசல், கோட்டைப்பட்டினம் என்று அருகில் உள்ள கரைகள் எல்லாம் தொழில் நடக்கும் கரைகள். நீங்கள் இறங்க நினைக்கும் அதே காலையில்தான் படகுகள் மீனோடு திரும்பும். இறங்குதளத்திலிருந்து அரை கிலோமீட்டராவது தள்ளிப் போங்கள். மிதவை தெரிந்தால் கீழே வலை இருக்கிறது, சுற்றிப் போங்கள். தண்ணீர் வெகுதூரம் முழங்கால் அளவே இருக்கும், நீர் வற்றும் நேரத்தில் ஃபின் தரையில் தட்டும். அடியில் இருப்பது கடல்புல். ஆவுளியா என்னும் கடற்பசு மேய்வது அதைத்தான். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது இதற்காகவே. புல்லை மிதித்துப் பிய்க்காமல் மணல் தெரியும் இடமாகப் பார்த்து இறங்குங்கள். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நடந்தால் மணலில் புதைந்திருக்கும் திருக்கை விலகிப் போகும்.

கொஞ்சம் பழகியதும் கேரளத்துக் காயலுக்குப் போகலாம். உண்மையில் கடல் என்றால் பயப்படுபவர்கள் அங்கேயே தொடங்கலாம். எர்ணாகுளம் – வேளாங்கண்ணி விரைவு ரயில் காரைக்குடி, செங்கோட்டை, கொல்லம் வழியாகப் போகிறது. தினமும் இல்லை, நாளைப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள். கொல்லம் அருகே அஷ்டமுடிக் காயலும் கல்லடையாறும் சேரும் இடத்தில் மன்றோ தீவு. அதன் குறுகிய வாய்க்கால்களில் இரண்டு பக்கமும் கரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், தென்னை காற்றை மறைக்கும். அலை இல்லை, அடித்துக்கொண்டு போகக் கடலும் இல்லை. பாலங்கள் தாழ்வானவை, குனிந்து அல்லது உட்கார்ந்துதான் போக முடியும். நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். ஆலப்புழையை நான் புதியவர்களுக்குச் சொல்வதில்லை. படகு வீடுகள் கிளப்பும் அலை ஒன்று முடிவதற்குள் அடுத்தது வரும்.

சென்னைப் பக்கம் போனால் கோவளமும் முட்டுக்காடும். முட்டுக்காடு உப்பங்கழி காலையில் அமைதியாக இருக்கும், முகத்துவாரத்துப் பக்கம் மட்டும் போகக் கூடாது. கோவளம் சர்ஃபிங் ஊர், அலை உண்டு. தேசியப் பேடில் போட்டிகளில் பெயர் பெற்ற சேகர் பச்சை அந்த ஊர்க்காரர். நன்றாக நிற்கப் பழகிய பிறகு அங்கே போய்ப் பாருங்கள். கொடைக்கானல் ஏரியில் படகுக் குழாம்களின் அனுமதி வேண்டும், தண்ணீரும் குளிர். வைகை போன்ற அணைகளை நினைக்கவே வேண்டாம், அது தடை செய்யப்பட்ட தண்ணீர்.

பணம் கட்டுமுன் போனில் கேட்க வேண்டியவை

பயிற்சி தருபவரிடம் கட்டணத்தை மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள். எத்தனை பேருக்கு ஒரு பயிற்சியாளர் என்று கேளுங்கள். நான்கைந்து பேருக்கு ஒருவர் என்றால் சரி, பத்துப் பேருக்கு ஒருவர் என்றால் வேண்டாம். மீட்புப் படகு இருக்கிறதா? லைஃப் ஜாக்கெட் என் அளவுக்கும் குழந்தை அளவுக்கும் உண்டா? பலகையையும் காலையும் இணைக்கும் கால் கயிறு இருக்கிறதா? என் எடை இவ்வளவு, அதற்கேற்ற பலகை இருக்கிறதா? கடைசியாக, காற்று சரியில்லாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். "அன்னைக்கு இறக்க மாட்டோம், வேற நாள் வாங்க" என்று சொல்பவரிடம் தயங்காமல் பணம் கட்டலாம். "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்று சொல்பவரிடம் கட்டாதீர்கள்.

கரையில் நின்று கடைசியாக

போய்ச் சேர்ந்ததும் பலகையை இறக்காதீர்கள். கால் மணி நேரம் நின்று பாருங்கள். எங்கே இறங்குவது என்பதோடு, அங்கே ஏற முடியாவிட்டால் வேறு எங்கே ஏறுவது என்றும் பார்த்துவையுங்கள். காற்று தள்ளும் பக்கத்தில் பாறையோ வலைக்கம்போ இறங்குதளமோ இருந்தால் இடத்தை மாற்றுங்கள். மணலும் திறந்த கரையும் இருந்தால் இறங்கலாம்.

புதியவர்களுக்குப் பலகை 32 முதல் 34 அங்குலம் அகலம் இருக்கட்டும். ஒல்லியான பலகை வேகமாகப் போகும், கூடவே உங்களையும் கவிழ்க்கும். துடுப்பு உங்கள் உயரத்தைவிட ஒரு சாண் கூடுதலாக. காற்றடைக்கும் பலகைக்குப் பொதுவாக 12 முதல் 15 பிஎஸ்ஐ காற்றழுத்தம், சரியான அளவு பலகையிலேயே அச்சிட்டிருக்கும். நம் ராமநாதபுரத்து வெயிலில் காற்று நிரம்பிய பலகையை மணலில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் உள்ளே அழுத்தம் ஏறித் தையல் விட்டுவிடும். நிழலில் வையுங்கள், இல்லையென்றால் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள். கால் கயிறு கடலில் கணுக்காலில். வேர் நிறைந்த வாய்க்காலிலோ நீரோட்டத்திலோ இழுத்தால் உடனே கழன்றுவிடும் இடுப்புக் கயிறுதான் வேண்டும், கணுக்கால் கயிறு வேரில் சிக்கினால் குனிந்து அவிழ்க்க முடியாது. முழுக்கைச் சட்டை போட்டால் வெயிலுக்கும் ஆகும், சொறிமீனுக்கும் ஆகும்.

இடுப்பளவுத் தண்ணீரில் முட்டிபோட்டுத் தொடங்குங்கள். எழுந்து நிற்கும் முன் வேண்டுமென்றே பக்கவாட்டில் விழுந்து, பலகையின் நடுவில் உள்ள கைப்பிடியைப் பிடித்து ஏறிப் பழகுங்கள். ஏறத் தெரிந்த பிறகுதான் நிற்க வேண்டும். முதலில் எதிர்க்காற்றில் போங்கள், களைத்துத் திரும்பும்போது காற்று உதவும். காற்று ஏறிவிட்டது என்று தோன்றினால் உடனே முட்டிபோடுங்கள். அதுவும் போதவில்லை என்றால் குப்புறப் படுத்து, துடுப்பை மார்புக்கு அடியில் வைத்துக் கைகளால் தள்ளி வாருங்கள். எந்த நிலையிலும் பலகையை விட்டுவிட்டு நீந்தாதீர்கள். தூரத்தில் தத்தளிக்கும் தலை யார் கண்ணுக்கும் தெரியாது, பதினோரு அடிப் பலகை தெரியும்.

செல்போனை நீர் புகாத பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093, கடலோரக் காவல்படைக்கு 1554, ஆம்புலன்சுக்கு 108. எங்கே இறங்குகிறோம், எத்தனை மணிக்குக் கரையேறுவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். கரையேறியதும் அவருக்கு ஒரு போன் போடுங்கள், பிறகு பலகையையும் துடுப்பையும் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவிட்டுச் சுருட்டுங்கள். உப்போடு சுருட்டினால் வால்வும் ஃபின் பெட்டியும் அடுத்த பயணத்துக்குள் இறுகிவிடும்.